கிட்டப் போய் அடிக்கக் கற்றுத்தரும் இடம், வேலூரில்

உயரம் குறைவு, கை நீளம் பத்தாது என்று பாக்ஸிங்கை விட்டுவிட நினைக்கும் வேலூர் பசங்க யாராக இருந்தாலும், சத்துவாச்சாரியில் பெயர்ப் பலகைகூட இல்லாமல் தகர ஷெட்டில் நடக்கும் இந்த வகுப்புக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பல இடங்களில் தூரத்தில் நின்று ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேர்க்குத்து), கிராஸ் (பின்னால் இருக்கும் கையால் நேர்க்குத்து) போடக் கற்றுத்தருவார்கள், ஆள் நெருங்கி வந்துவிட்டால் கட்டிப் பிடித்துக்கொள் என்பதோடு சரி. இங்கே இருக்கும் மாஸ்டர் அந்த நெருக்கத்தையே தனிப் பாடமாக எடுக்கிறார்.

முதலில் கையே கிடையாது, கால்தான். எதிராளியின் ஜாப் வரும்போது தலையை அதற்கு வெளிப்பக்கமாக நகர்த்தி, அதே நேரத்தில் முன்காலை உள்ளே வைக்க வேண்டும், நேர்க்கோட்டில் போனால் வாங்கிக்கட்டிக்கொண்டுதான் வருவோம். உள்ளே போனபிறகு முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும், நெற்றி அவன் தோளுக்குப் பக்கத்தில், அவன் தலையைவிடத் தாழ்வாக. "டேய், கண்ண மூடாத, முழங்கைய விலாவ விட்டு எடுக்காத" என்று மாஸ்டர் கத்திக்கொண்டே இருப்பார். அங்கே கையை ஓங்க இடமில்லை என்பதால் குத்துக்கு வேகம் இடுப்பைத் திருப்புவதில்தான் வரும். கல்லீரல் வலது விலாவுக்குக் கீழே இருப்பதால் இடது ஹுக்கை, அதாவது பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்தை, அங்கே இறக்கச் சொல்கிறார், வலிக்குப் பயந்து அவன் முழங்கையை இறக்கினால் முகம் திறக்கும், உடனே மேலே இன்னொரு ஹுக், இல்லை இரண்டு கிளவுஸுக்கும் நடுவில் கீழிருந்து மேலே போகும் அப்பர்கட்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டயர் பயிற்சி. பழைய லாரி டயருக்குள் இரண்டு பேரும் முன்காலை வைத்துக்கொண்டு, காலை எடுக்காமல் மெதுவாகக் குத்து பரிமாற வேண்டும். ஓட வழியில்லாததால் தலையை அசைக்கத் தானாகவே பழகிவிடும், தொடை நடுங்கிவிடும் அப்புறம். வெளியே வரும்போதும் நேராகப் பின்னால் போகக்கூடாது, பக்கவாட்டில்தான், நீளக் கைக்காரன் காத்திருப்பதே அந்த நேர்ப் பின்வாங்கலுக்குத்தான்.

சந்தேகப்படும் பசங்களுக்கு மாஸ்டர் போனில் 1971 மார்ச் 8 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த சண்டையைப் போட்டுக் காட்டுகிறார். தன்னைவிட உயரமான முகமது அலியை ஜோ ஃப்ரேசியர் விடாமல் நெருங்கி, 15ஆவது ரவுண்டில் இடது ஹுக்கால் கீழே விழவைத்து, பாயிண்டில் ஜெயித்த சண்டை. சும்மா முரட்டுத்தனமாக உள்ளே பாய்வதில்லை ஃப்ரேசியர், தலை ஒரு நொடிகூட நிற்காது, அதைக் கவனிக்கச் சொல்கிறார்.

தலையால் முட்டுவது, பிடித்துக்கொண்டு குத்துவது எல்லாம் ஃபவுல் என்பதில் கண்டிப்பு அதிகம். அமெச்சூர் போட்டியில் மூன்று நிமிட ரவுண்டு மூன்றுதான், கிளின்ச்சில், அதாவது கட்டிப் பிடித்தபடியே, நேரம் போனால் யாருக்கு நஷ்டம்? புதுசாக வருபவரை உடனே ஸ்பாரிங்கில், அதாவது இன்னொருவரோடு மோதிப் பழகும் பயிற்சியில், தள்ளுவதும் இல்லை, இந்த ஒன்றுக்காகவே வீட்டுப் பிள்ளையை நம்பி அனுப்பலாம்.

குறைகளும் இருக்கின்றன. மே மாத வேலூர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மாலை வகுப்பு பெரிய கஷ்டம், காலை வகுப்பே நல்லது. பொது கிளவுஸில் பஞ்சு அமுங்கிப்போய்விட்டது, ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸில் சொந்தமாக வாங்கிவிடுங்கள். பெண்களுக்கு உடை மாற்றத் தனி அறை இல்லை, அக்காமார் சிலர் அதனாலேயே பாதியில் நின்றுவிட்டார்கள், இதை மாஸ்டர் சீக்கிரம் சரிசெய்தே ஆக வேண்டும். ஃபீஸ் அதிகமில்லை. பல்லைக் காக்கும் மவுத் கார்டு இல்லாமல் போனால் அன்றைக்கு ஸ்கிப்பிங் மட்டும்தான்.