ரேடியோ மொபைல்: ரிப்பீட்டருக்கு இடம் தேடும் ஹாம்களுக்கு

தேனிப் பக்கம் ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், இரண்டு மீட்டர் பேண்டில் (144–146 மெகாஹெர்ட்ஸ்) ரிப்பீட்டர், அதாவது சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம், வைக்கலாம் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் கொடைக்கானலைத்தான் கைகாட்டுவார்கள். சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே ஆண்டெனாவை ஏற்றிவிட்டால் மாவட்டம் முழுக்கக் கேட்கும் என்பது எங்கள் குழுவிலும் பலரின் நம்பிக்கை. ரேடியோ மொபைல் என்ற மென்பொருளில், சிக்னல் எங்கெல்லாம் எட்டும் என்ற கவரேஜ் வரைபடம் போட்டுப் பார்த்தோம். பெரியகுளம், வைகை அணை, ஆண்டிபட்டி எல்லாம் பச்சையாக, அதாவது சிக்னல் எட்டும் இடங்களாக, வந்தன. போடி மட்டும் நிறமே இல்லாமல் கிடந்தது. குறுக்கே அகமலை நிற்கிறது.

இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த மென்பொருளை எந்த ஹாமுக்கும் தயங்காமல் சொல்வேன். மலை எங்கே மறைக்கும் என்பதை, கம்பமும் கேபிளும் வாங்குவதற்கு முன்பே காட்டிவிடுகிறது.

கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஹாம் ரோஜர் கூடே எழுதி இலவசமாகக் கொடுப்பது இது. ஹாம்களுக்கும் மனிதநேயப் பணிகளுக்கும் என்றே உருவாக்கியிருக்கிறார். உள்ளே கணக்குப் போடுவது லாங்லி-ரைஸ் என்ற அலைபரவல் கணக்கீட்டு மாடல். 20 மெகாஹெர்ட்ஸ் முதல் 20 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும். நில உயரத்துக்கு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ராடாரால் அளந்த எஸ்.ஆர்.டி.எம். தரவை எடுத்துக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ரேடியோ லிங்க் ஜன்னல். இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தால் நடுவிலுள்ள நிலத்தின் குறுக்குவெட்டும், அதன்மேல் ஃப்ரெனல் மண்டலத்தின் (பார்வைக்கோட்டைச் சுற்றி அலைக்குத் தேவைப்படும் வெளி) வளைவும் வரும். ஆண்டெனா உயரத்தை மாற்ற மாற்ற, மேலே எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதில் 'வொர்ஸ்ட் ஃப்ரெனல்' என்ற எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்; வழியில் மிக நெருக்கடியான இடத்தில் அந்த மண்டலத்தின் ஆரத்தில் எத்தனை பங்கு தடையின்றி இருக்கிறது என்பது அது. 0.6-க்குக் கீழே போனால் இழப்பு கூட ஆரம்பிக்கும். 145 மெகாஹெர்ட்ஸில் 30 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் முதல் ஃப்ரெனல் மண்டலத்தின் ஆரம் சுமார் 125 மீட்டர். அதாவது எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நடுவிலுள்ள மேடு பார்வைக்கோட்டுக்கு அதில் 0.6 பங்கான 75 மீட்டராவது கீழே இருக்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதை வாயால் விளக்குவதைவிட அந்த ஜன்னலைத் திறந்து காட்டிவிடுவது மேல்.

அப்புறம், நல்ல இடத்தைத் தானே தேடித் தரும் வசதி. வரைபடத்தில் உள்ள பகுதியைச் சல்லடை போட்டுச் சலித்து, எங்கே வைத்தால் சிக்னல் நன்றாக வரும் என்று சொல்லும். கணக்கு சரிதான், ஆனால் சாலையும் மின்சாரமும் வனத்துறை அனுமதியும் அதற்குத் தெரியாது. மேகமலைப் பக்கம் கைகாட்டினால், அங்கே 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. அதனால் அது தரும் இடங்களில் வண்டி போகும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைச் சேர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். எங்களுக்கு அப்படிக் கிடைத்ததுதான் போடிமெட்டு. கொடைக்கானலோடு அதையும் சேர்த்து ஒரே படமாகப் போட்டதும் போடி பச்சையானது. மூணாறு சாலை அந்த வழியாகவே போவதால் பராமரிப்புக்கும் சிரமமில்லை.

நிறுவியதும் அப்படியே ஓட்டிவிடாதீர்கள். காலநிலை மிதவெப்ப மண்டலத்துக்கும், காற்றில் அலை வளைவதைக் குறிக்கும் ஒளிவிலகல் அளவு 301-க்கும் வைக்கப்பட்டிருக்கும். நான் பூமத்தியரேகைக் காலநிலையும் 360-ம் வைத்துக்கொள்கிறேன். அலைவரிசை 144–148 என்று இருக்கும், நமக்கு 144–146தான். ரிசீவரின் உணர்திறனிலும், அதாவது எவ்வளவு மெல்லிய சிக்னல்வரை பிடிக்கும் என்பதிலும், கவனம் தேவை. 1 மைக்ரோவோல்ட் என்றால் மைனஸ் 107 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு). தேனி பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் கையடக்க செட்டோடு நிற்பவருக்கு அது போதாது. 10 டெசிபலாவது கூட வைத்துக் கணக்குப் பார்ப்பேன்.

குறைகளும் உண்டு. கட்டடங்களைத் தனித்தனியாக அறியாது, அதனால் கடைவீதிச் சந்துகளைப் பற்றி அது சொல்வதை நம்ப முடியாது. அடர்ந்த காட்டில் ராடார் அளந்தது தரையை அல்ல, பெரும்பாலும் மரங்களின் மேற்பரப்பை. முகப்பு பழைய விண்டோஸ் காலத்தது. எந்தப் பெட்டியில் எதை நிரப்புவது என்று பழகவே பொறுமை வேண்டும். லினக்ஸ்காரர்கள், விண்டோஸ் மென்பொருளை அங்கே ஓட்ட உதவும் வைன் மூலம் ஓட்டலாம்.

முதல் தடவை பார்ப்பவர்கள் இதன் ஆன்லைன் வடிவத்தில் தொடங்குங்கள். உயரத் தரவை இறக்கும் வேலை மிச்சம். சொந்த வீட்டையும் பக்கத்து மலையையும் இரண்டு புள்ளிகளாக வைத்து ஒரு லிங்க் போட்டுப் பாருங்கள். பிடித்துவிட்டால் விண்டோஸ் பதிப்புக்கு வரலாம். பல ரிப்பீட்டர்களைச் சேர்த்துப் போட அதுதான் வசதி.