ரிப்பீட்டரா, மெஷ்ஷா, ஒயரா? வளவு வீட்டில் லேப்டாப்புக்கு நெட் வந்த கதை

செட்டிநாட்டுக் கண்டனூரில், நடுவில் முற்றம் வைத்த எங்கள் வளவு வீட்டின் முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடந்தால் என் கணக்கில் அறுபது காலடி. ஃபைபர் கேபிள் தெருவிலிருந்து வந்து முகப்பின் ஓரத்தில் முடிகிறது. ரவுட்டரும் அங்கேதான். எனக்கு மேசை போட இடம் கிடைத்தது இரண்டாம் கட்டில், பாத்திர அறையை ஒட்டிய அறையில். சென்னைக் கம்பெனி வேலையை ஊரிலிருந்தே பார்க்கலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்த முதல் வாரமே, வீடியோ மீட்டிங்கில் என் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்க ஆரம்பித்தது. வைஃபை வரும், அஞ்சு நிமிஷத்தில் போகும், மறுபடி தானாக வரும்.

அதற்கப்புறம் ஆறு மாதம், சிலதைக் காசு கொடுத்து வாங்கியும் சிலதைக் கூட்டாளிகளிடம் இரவல் வாங்கியும், இருக்கிற எல்லா வழியையும் பார்த்துவிட்டேன். இந்தப் பக்கத்து வீடுகளில் இருந்துகொண்டு வேலை பார்ப்பவர்கள் இப்போது நிறைய. அவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். நகரத்து இரண்டு அறை ஃபிளாட்டுக்கு எழுதிய அறிவுரைகள் இங்கே பாதிதான் பலிக்கும்.

முதலில் குற்றம் யார் மேல்?

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு சன்னலாகத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), மற்றதில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கும் பிங் ஓடவிடுங்கள். பிங் என்பது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது. ரவுட்டருக்குப் போகும் பிங் ஒழுங்காக இருந்து, வெளியே போவது மட்டும் அறுந்தால் கோளாறு ஃபைபர் லைனில். லேப்டாப்பைத் திட்டிப் பயனில்லை, கம்பெனிக்குப் போன் போட வேண்டியதுதான். ரவுட்டருக்கான பிங்கே அறுந்தால் கோளாறு வீட்டுக்குள். அப்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரவுட்டர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அங்கேயும் அறுந்தால் சந்தேகம் லேப்டாப் மேல் போகிறது. பக்கத்தில் நன்றாக ஓடி, மேசைக்கு வந்ததும் அறுந்தால் வீட்டுச் சுவர்தான் காரணம்.

எனக்கு ரவுட்டர் பக்கத்தில் பிங்குக்குப் பதில் வர 3 மில்லிசெகண்ட். மேசையில் 200க்கு மேல், பத்துக்கு மூன்று பதிலே வரவில்லை. விண்டோஸ் காட்டிய சிக்னல் 34 சதவீதம். அந்தச் சதவீதத்தைப் பாதியாக்கி அதிலிருந்து 100ஐக் கழித்தால் டிபிஎம் கணக்கு (சிக்னல் வலுவின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு கூடும்) ஏறக்குறைய வந்துவிடும். அதாவது மைனஸ் 83. வீடியோ பேச்சு அறுபடாமல் ஓட மைனஸ் 67 பக்கமாவது வேண்டும்.

இத்தனைக்கும் வில்லன் சுவர் மட்டும் இல்லை. ஒன்றரை அடிச் செங்கல் சுவர் அலையைத் தின்னத்தான் செய்கிறது. ஆனால் உலோகம் அலையை விடவே விடாது. எங்கள் பாத்திர அறையில் மூன்று தலைமுறைச் சீர் சாமான் அடுக்கியிருக்கிறது. பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், எனாமல் தட்டு என்று கூரை வரைக்கும். போதாததற்கு முகப்பில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி இரண்டு. அவற்றின் முதுகில் பூசிய வெள்ளியும் உலோகம்தானே. ரவுட்டருக்கும் எனக்கும் நேர்கோடு போட்டால் அது சரியாக ஒரு கண்ணாடியையும், இருநூறு தூக்குவாளியையும் கடக்கிறது.

பாத்திரங்களைப் பின்கட்டுக்கு மாற்றலாமா என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "சாமானை நகத்துறதுக்கு ஏன்டா ஆள் தேடுற, நீ நகந்து உக்காரு" என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் தொழில்நுட்ப ரீதியில் இந்தக் கட்டுரையிலேயே செலவில்லாத யோசனை அதுதான். நம் வீடுகளில் வாசலில் நின்றால் வளவு (முற்றமுள்ள முதல் கட்டு), இரண்டாம் கட்டு என்று கதவுக்குக் கதவு நேராகப் பின்வாசல் வரை பார்வை போகும். அந்தக் கோட்டில் சுவரே கிடையாது. முற்றமோ திறந்தவெளி. அலைக்கு அது ராஜபாட்டை. லேப்டாப்பை வளவுத் தாழ்வாரத்தில் அந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தேன், 70 சதவீதம். முக்கியமான மீட்டிங்குகளை ஒரு மாதம் தூணில் சாய்ந்துகொண்டுதான் பேசினேன். பின்னால் அரிசி காய்ந்ததை மேனேஜர் ரசித்தார். மே மாத வெயிலில் பன்னிரண்டு மணிக்கு அங்கே உட்கார முடியாது என்பதுதான் சிக்கல்.

காசில்லாத வைத்தியங்கள்

லேப்டாப் பக்கம் மூன்று வேலை. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட்டுக்குப் போய், மின்சாரம் சேமிக்க அதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு நெட் போகிறது, பேட்டரியில் ஓடும்போது மட்டும் போகிறது என்பவர்களுக்கு இதுவே போதும். இரண்டாவது, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பிப்பது. மூன்றாவதைப் பலர் நம்ப மாட்டார்கள். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கோ ஹப்போ ஓடும்போது கிளம்பும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். சிக்னல் பலவீனமான இடத்தில் அதுவே அறுத்துவிடும். என் ஹப்பை ஒரு முழம் தள்ளி வைத்ததும் பிங் இழப்பு பாதியாகக் குறைந்தது.

ரவுட்டர் பக்கம் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 5க்கு வேகம் அதிகம், சுவர் தாண்டும் வலு குறைவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் தூரத்தில் இருக்கும் லேப்டாப் இதற்கும் அதற்கும் தாவிக்கொண்டே இருக்கும், தாவும் ஒவ்வொரு முறையும் ஒரு அறுப்பு. தனித்தனிப் பெயர் வைத்து, தூர அறைக்கு 2.4ஐ மட்டும் கொடுங்கள்.

சேனல் மாற்றுவது ஊருக்கு ஊர் மாறும். 2.4இல் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. காரைக்குடி செக்காலையில் குடியிருக்கும் என் அத்தை மகனுக்குச் சுற்றிலும் இருபது முப்பது வைஃபை தெரியும், பாதிப் பேர் 6இல். அவன் 1க்கு மாறினான், அன்றோடு தொல்லை தீர்ந்தது. எங்கள் தெருவிலோ பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. தெரிவதே மொத்தம் இரண்டு வைஃபை. எனக்கு சேனல் மாற்றி ஒரு பயனும் இல்லை.

ரவுட்டரை இடம் மாற்றியதுதான் இலவச வைத்தியங்களில் பெரிய பலன். திண்ணை அலமாரிக்குள் இருந்ததை எடுத்து, நடைக்கதவின் நேரே, ஆள் உயரத்துக்கு மேல் வைத்தேன். என் மேசையில் 34 சதவீதம் 52 ஆனது. ஃபைபர் ஒயரை இழுக்கும்போது கூர்மையாக மடிக்கக் கூடாது, உள்ளே கண்ணாடி இழை. 52 என்றால் மைனஸ் 74. தேவலை, ஆனால் போதாது.

ரிப்பீட்டரும் மெஷ்ஷும்

கடைக்காரர் முதலில் கொடுப்பது ரிப்பீட்டர், ரவுட்டரின் வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி. ஆயிரத்துச் சொச்சம்தான், பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. நான் செய்த தவறு, அதை மேசைக்குப் பக்கத்துப் பிளக்கிலேயே செருகியது. லேப்டாப்பில் நாலு கோடும் நிறைந்துவிட்டது, நெட் மட்டும் நகரவில்லை. இலை பெரிசாகத்தான் விரித்திருந்தார்கள், சோறு வந்தபாடில்லை. ரிப்பீட்டருக்கே அந்த இடத்தில் 50 சதவீதம்தான் கிடைக்கும்போது அது எனக்கு என்னத்தை எடுத்துக் கொடுக்கும்? வளவுத் தாழ்வாரத்துக்கு, அதாவது பாதி வழிக்கு மாற்றியதும் சரியானது. ஆனால் சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். 100 எம்பிபிஎஸ் லைனில் எனக்கு 20 பக்கம் வந்தது. ஒரு ஆள் மீட்டிங் பேச 20 தாராளம். அதனால் ரிப்பீட்டரைக் கேவலமாகப் பேச மாட்டேன், இடம் தெரிந்து வைத்தால் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.

மெஷ் என்பது அதன் பணக்கார அண்ணன். இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே பெயரில் வைஃபை தரும், நடந்துகொண்டே பேசினாலும் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நழுவிப் போகும். ஆனால் விளம்பரம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பெட்டிகள் தங்களுக்குள் காற்றில் பேசினால் அவற்றுக்கும் அதே சுவர், அதே தூக்குவாளிதான். இரண்டாவது பெட்டியை முற்றத்தைப் பார்க்க வைத்தால் நன்றாக ஓடும், அறைக்குள் வைத்தால் ரிப்பீட்டரின் கதையே. நான் ஒரே ஆளுக்காக அத்தனை ஆயிரம் போட மாட்டேன். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் கூடி, நாற்பது போன் ஒரே நேரத்தில் நெட் கேட்கிற வீடு என்றால் யோசிக்கலாம்.

கரண்ட் ஒயரில் நெட் அனுப்பும் பவர்லைன்

இதை ஆசையோடு இரவல் வாங்கினேன். சுவரை ஓட்டை போட வேண்டாம், இருக்கிற மின்சார ஒயரே நெட்டையும் சுமக்கும். காகிதத்தில் எங்கள் வீட்டுக்கே செய்தது போல இருந்தது. செருகினால், முகப்பு ஒரு ஃபேஸில், இரண்டாம் கட்டு வேறு ஃபேஸில். மூன்று ஃபேஸ் வீடுகளில் இது சகஜம். ஒரு ஃபேஸிலிருந்து அடுத்ததற்கு சிக்னல் தேய்ந்துதான் போகும். எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரே ஃபேஸுக்கு மாற்றிய பிறகும் கிணற்று மோட்டார் ஓடும்போதெல்லாம் அறுந்தது. பழைய ஒயரிங், நடுவில் இன்வெர்ட்டர் வேறு. மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புது ஒயரிங் செய்த வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம். இங்கே வேண்டாம்.

லேப்டாப்புக்கு வெளியே ஒரு காது

ஆன்டெனா வைத்த யூஎஸ்பி வைஃபை அடாப்டரை லேப்டாப்பிலேயே செருகினால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு ஒயரில் மாட்டி, அறைக் கதவு நிலையில் முற்றத்தைப் பார்த்துத் தொங்கவிட்டேன். 52 சதவீதம் 66 ஆனது, அதாவது மைனஸ் 67. வாடகைக்கு இருப்பவர்களுக்கு, வீட்டில் எதையும் தொட உரிமை இல்லாதவர்களுக்கு இதுதான் என் முதல் பரிந்துரை. காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

உள்ளே இருக்கும் கார்டை மாற்றுவது தனிக்கதை. பல லேப்டாப்களில் அது கழற்றக்கூடிய சின்னத் தகடு, சிலவற்றில் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். அதன் ஆன்டெனா ஒயர் கீல் வழியாக ஏறித் திரைக்குப் பக்கம் போகிறது. லேப்டாப் கீழே விழுந்திருந்தாலோ, கீல் தளர்ந்திருந்தாலோ அந்த ஒயர் நைந்திருக்கும். திரையை ஆட்டினால் சிக்னல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறி இறங்கினால் புது ரவுட்டர் வாங்கி ஒன்றும் ஆகாது.

போன் ஹாட்ஸ்பாட்டை ஆபத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். இந்தச் சுவர்களுக்குள் போன் சிக்னலே திணறும். மாடிக்குப் போனால் கிடைக்கிறது.

கடைசியில் ஒயர்

லேன் ஒயரை நான் முதலிலேயே நினைத்தேன், ஒதுக்கினேன். காரணம் வீடு. பர்மா தேக்கு நிலையில் ஆணி அடிப்பதைப் பற்றிப் பேசினாலே பங்காளிகள் கூடிவிடுவார்கள். சுவரோ முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி போல வழுவழுப்பு. ஒரு துளை போட்டுப் பெயர்ந்தால் அதே மாதிரி பூச ஆள் கிடைப்பது பெரும்பாடு. ஒட்டும் கிளிப் இரண்டு நாளில் உதிர்ந்தது.

வழி சொன்னவர் பந்தல் போடுகிறவர். கல்யாணத்துக்குத் துணிப்பந்தல் கட்டத் தாழ்வாரத்தில் ஏற்கனவே இரும்புக் கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. ஒயரை அவற்றிலேயே கட்டிக்கொண்டு போனோம். ஓர் ஆணி அடிக்கவில்லை. கேட் 6 ஒயர், வளைவு சுளிவோடு 60 மீட்டர் பிடித்தது. 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் பயமில்லை. வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேளுங்கள், அலுமினியத்தில் தாமிரம் பூசி விலை குறைத்து விற்பதும் உண்டு. கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

மேசைப் பக்கம் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரை அக்சஸ் பாயின்ட்டாக, அதாவது ஒயரில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக மாற்றினேன். அதன் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி ஒதுக்கும் வேலையை) அணைத்து, முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, ஒயரை அதன் லேன் துளையில் செருகினால் போதும். இரண்டாம் கட்டு முழுக்க வைஃபை வந்துவிட்டது. மீட்டிங்குக்கு மட்டும் லேப்டாப்பில் நேராக ஒயர். லேப்டாப்பில் லேன் துளை இல்லாததால் யூஎஸ்பி சி அடாப்டர் ஒன்று. பிங் 1 மில்லிசெகண்ட், மூன்று மாதமாக ஒரு அறுப்பு இல்லை. மொத்தச் செலவு மெஷ் விலையில் பாதிகூட வரவில்லை.

ஒரு குறை இருக்கிறது. தாமிர ஒயர் முற்றத்தைச் சுற்றி ஓடுவதால் ஐப்பசி இடிமழையில் இரண்டு முனையையும் பிடுங்கிவிடுகிறேன். மின்னல் இறங்கினால் ரவுட்டர், லேப்டாப் எல்லாம் சேர்ந்து போகும். அந்த நேரத்துக்கு யூஎஸ்பி அடாப்டர் இன்னும் கதவு நிலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அப்பத்தா அதில் மாவிலை சொருகியிருக்கிறார்.