சேருக்கு ஒரு பதக்கம்: வெளிநாட்டு விருதா, நாமே தொடங்கும் பரிசா?

எங்களுக்கு உலோகவியல் படிப்பித்த சேர் ஓய்வுபெற்றபோது அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்கள் பட்ச் வட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தது. பொன்னாடை, மாலை என்றால் மனிதர் கொழும்பை விட்டே ஓடிவிடுவார். ஆகவே குழு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பெரிய சர்வதேச விருது ஒன்றுக்கு அவரைப் பரிந்துரைப்போம் என்றது ஒரு கட்சி, அவர் பெயரில் மாணவர்களுக்கு நாமே ஒரு பரிசு தொடங்குவோம் என்றது மற்றது. நான் இரண்டாவது கட்சி, கடைசியில் நடந்ததும் அதுதான். அதனால் இதை நடுவர் தீர்ப்பாக எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டு விருதுகளின் மதிப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லண்டனில் பெசமர் தங்கப் பதக்கம் 1874 முதல் இருக்கிறது, ஆனால் அது இரும்பு, உருக்குத் துறையின் பெரிய தலைகளுக்கு. உலோகம், மட்பாண்டம் போன்ற பொருட்களை ஆராய்கிறவர்களின் அமெரிக்கச் சங்கம் (Materials Research Society) கொடுக்கும் வொன் ஹிப்பல் விருது ஆய்வில் உச்சம் தொட்டவர்களுக்கு. அதோடு கொடுக்கும் சின்னம் ஒரு மாணிக்க லேசர் படிகம். (இரத்தினக்கல் சுரங்கங்களின் ஊரான இரத்தினபுரியின் ஆள் ஒருவன் எங்கள் குழுவில் இருக்கிறான், "செயற்கைக் கல்லுக்கு இவ்வளவு மரியாதையா" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.) சேருக்குப் பொருந்தியது ஏஎஸ்எம் இன்டர்நஷனல் கொடுக்கும் விருது ஒன்றுதான். 1913இல் டிட்ரோயிட்டில் உருக்கைச் சூடாக்கிப் பதப்படுத்துகிறவர்களின் கழகமாகத் தொடங்கிய அமைப்பு அது. இளம் ஆசிரியர்களுக்கு பிராட்லி ஸ்டௌட்டன் பெயரில் ஒரு விருதும், நீண்டகாலம் படிப்பித்தவர்களுக்கு அல்பர்ட் ஈஸ்டன் வைட் பெயரில் இன்னொன்றும் அங்கே உண்டு. இரண்டாவதை 1960இல் ஏற்படுத்தினார்கள்.

சரி என்று பரிந்துரையை எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அங்கேதான் சிக்கியது. சேர் எழுதிய கட்டுரைகள் குறைவு. அவர் செய்தது வேறு. முதல் வகுப்பில், உலோகவியல் பாடம் வழக்கமாகத் தொடங்கும் இரும்பு-கரிம வரைபடத்தைத் தொடவே மாட்டார், சமனலவெவவில் தொடங்குவார். மேற்கு நோக்கிய மலைச் சரிவில், துருத்தியே இல்லாமல், தென்மேல் பருவக்காற்றை மட்டும் வைத்து நம் ஊரில் உயர்கரிம உருக்கு செய்திருக்கிறார்கள், கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அதே மாதிரி உலை கட்டிக் காற்று வரும்வரை காத்திருந்து செய்து காட்டி 1996இல் நேச்சர் இதழில் எழுதினார், இனி நீங்கள் சொல்லுங்கள், காற்று எப்படி உள்ளே போயிருக்கும் என்று கேட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆய்வுகூடத்தில் மெருகேற்றிய மாதிரியை நுணுக்குக்காட்டியில் வைத்துக் கீறல் ஒன்று தெரிந்தால் போதும், ஒரு வார்த்தை பேசாமல் திருப்பித் தருவார், மறுபடி முதல் அரத்தாளிலிருந்து தேய்க்க வேண்டும். இதையெல்லாம் ‘சாதனைகள்’ என்ற தலைப்பின் கீழ் எப்படி எழுதுவது? துறையில் பெயர்பெற்ற ஒருவரின் ஆதரவுக் கடிதமும் வேண்டும், ரொறொன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் நல்ல இன்ஜினியர்கள், ஆனால் அவர்கள் கடிதத்துக்கு யார் எழுந்து நிற்கப் போகிறார்கள். பரிந்துரையை நான் அனுப்பவே இல்லை. எனவே தேர்வுக் குழு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. உங்கள் ஆசிரியர் நிறையக் கட்டுரை எழுதியவர், வெளிநாட்டில் கூட்டாளிகள் உள்ளவர் என்றால் அந்த வழியை விடாதீர்கள்.

அப்புறம் எங்கள் வழி. இதில் ஒரே கேள்விதான் உண்மையான கேள்வி: பத்து வருடம் கழித்து இதை யார் பராமரிப்பது?

எங்களுக்கு முந்திய பட்ச் ஒன்று இன்னொரு ஆசிரியர் பெயரில் தங்கப் பதக்கம் வைத்தது. பணத்தை நிலையான வைப்பில் போட்டு வட்டியில் பதக்கம் வாங்குவது ஏற்பாடு. 2022 வந்தது. சில மாதங்களில் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது, செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். தங்கம் டொலரோடு ஏறும், வைப்பு ஏறாது. அந்த வருடம் முதலாவதாக வந்த பிள்ளைக்குச் சான்றிதழ் மட்டும் கிடைத்தது, மறு வருடமும் அப்படித்தான். நோபல் பதக்கமே 1980 முதல் 18 கரட்டுக்கு இறங்கிவிட்டது, நாங்கள் எந்த மூலை! பெசமர் தன் பதக்கத்துக்குப் பணம் வைத்த இரும்பு உருக்கு நிறுவனம்கூட 1974இல் இன்னொன்றோடு இணைந்து பெயர் மாறியது, 2002இல் மறுபடி இணைந்து ஐஓஎம்3 என்ற பொருட்கள், கனிமங்கள், சுரங்கத் துறை நிறுவனம் ஆனது, பதக்கம் மட்டும் நிற்கிறது. ஏனென்றால் ஒவ்வொரு முறையும் கணக்குப் புத்தகத்தைக் கைமாற்றி வாங்க ஓர் அலுவலகம் இருந்தது. எங்களிடம் இருப்பது வட்ஸ்அப் குழு.

அதனால் நிதியமே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பதினொரு பேர், வருடா வருடம் கைக்காசு, பத்தே வருடம், பத்தாவது பரிசோடு மூடிவிடுவோம் என்று முதல் அறிவித்தலிலேயே எழுதிவிட்டோம். சிலருக்கு இது பிடிக்கவில்லை, "சேர் பெயர் பத்து வருடத்துக்கு மட்டும்தானா" என்று கேட்டார்கள். பாதியில் சத்தமில்லாமல் நின்றுபோவதைவிட இது மரியாதை என்பது என் கட்சி. இரண்டு வருடம்தான் ஓடியிருக்கிறது, ஏழாவது வருடம் எத்தனை பேர் பணம் போடுவார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பணம் இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்குப் போகிறது. கையில் கொடுக்கவும் ஒன்று வேண்டுமே என்று கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவில் தங்க முலாம் பூசிய செம்புப் பதக்கம் விசாரித்தோம், எங்களில் ஒருவன் தங்கத்துக்கு அடியில் நிக்கல் படை உண்டா, இல்லையென்றால் செம்பு ஊடுருவிக் கறுத்துவிடுமே என்று கடைக்காரரோடு வாதாடத் தொடங்கியதும் எழுந்து வந்துவிட்டோம். கடைசியில் ஒரு சின்ன உருக்கு வில்லையைப் பிசினில் பதித்து, மெருகேற்றி, நைட்டாலில் (மதுசாரத்தில் கலந்த நைத்திரிக் அமிலம்) அரித்துக் கொடுத்தோம். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உருக்கின் உள்ளமைப்பான பேர்லைட் முத்துச்சிப்பி மாதிரி வரிவரியாகத் தெரியும். அழகுதான். ஆனால் வாங்கிய பிள்ளைக்குத் தெகிவளையில் கடலோரம் வீடு, ஆறே மாதத்தில் துரு பிடித்துவிட்டது என்று படம் அனுப்பினாள். பராமரிப்பைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் நாங்கள்.

இரண்டாம் வருடம் 316 துருவேறா உருக்கு. அதற்கு நைட்டால் சரிவராது, ஒக்சாலிக் அமிலத்தில் மின்னோட்டம் விட்டு அரித்தோம், இரண்டு சனிக்கிழமை போனது. கொடுப்பதற்கு முதல்நாள் வெள்ளவத்தையில் சேர் வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஜன்னலோரம் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு விரலால் ஓரத்தைக் காட்டி, ஒன்றும் பேசாமல் என் கையிலேயே திருப்பித் தந்தார்.