‘7 நாளில் காசு மேஜிக்’ விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்

காசை மறைக்கக் கற்றுத் தருகிறேன் என்றவன் சொன்னபடி உன் காசை மறைத்துவிட்டானே என்று என் நண்பர்கள் எல்லாரும் ஒருவர் விடாமல் சொல்லிச் சிரித்துவிட்டார்கள். நீங்களும் அதையே சொல்ல வேண்டாம்.

விளம்பரம் அரை நிமிட வீடியோதான். ஆள் முகம் தெரியாது. நீல மேசை விரிப்பு, அதன்மேல் இரண்டு கைகள். வலது கையில் இருக்கும் காசை இடது கை வாங்கிக்கொள்கிறது, மூடுகிறது, திறந்தால் காசு இல்லை. உடனே வலது கையையும் விரல் விரித்துக் காட்டுகிறார், அதிலும் இல்லை. கீழே பெரிய எழுத்தில், ‘பயிற்சி தேவையில்லை. 7 நாள். 21 வித்தைகள்’. சின்ன வயதிலிருந்தே இந்தக் கைவேலைமேல் எனக்கு ஒரு கண். வகுப்புக்கும் பெட்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன். யோசிக்காமல் கட்டும் அளவுக்குச் சின்னத் தொகை இல்லை, ஆனாலும் யோசிக்காமல்தான் கட்டினேன்.

பெட்டியில் நான்கு காசுகள் வந்தன. ஒன்று ஷெல் காசு, அதாவது உள்ளே குடைந்து வெறும் ஓடு மாதிரி செய்தது. இன்னொரு காசின்மேல் கச்சிதமாகக் கவிழ்ந்து இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும். எனக்கு வந்த ஓடு பிரஷர் குக்கர் மூடி போல ஆடியது. அடுத்தது மூன்று துண்டாக வெட்டி, ஓரப் பள்ளத்தில் ரப்பர் பட்டை போட்டு மடியும்படி செய்த காசு. முதல் மடிப்பிலேயே பட்டை அறுந்து துண்டுகள் கட்டிலுக்கு அடியில் ஓடின. மற்ற இரண்டும் முலாம் பூசிய வழவழப்பான வில்லைகள்.

அந்த வழவழப்புதான் எவ்வளவு பெரிய கோளாறு என்று அப்போது எனக்குத் தெரியாது. வகுப்பின் முதல் பாடம் கிளாசிக் பாம். கட்டைவிரல் அடியில் இருக்கும் சதைமேட்டுக்கும் எதிர்ப்பக்கத்துச் சதைக்கும் நடுவே, உள்ளங்கையில் காசைக் கவ்விப் பிடிப்பது. ஆங்கிலத்தில் இருக்கும் பழைய பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்க அரை டாலரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அது 30.6 மில்லிமீட்டர் அகலம், ஓரம் முழுக்க வரிவரியாக வெட்டு. அந்த வரிகள் சதையில் பிடித்துக்கொள்ளும். இவர்கள் அனுப்பியதோ சிறியது, ஓரமும் மொழுமொழு. பத்து நாள் பிடித்துப் பார்த்தேன். காசு விழும், இல்லையென்றால் விழாமல் இருக்க நான் பிடிக்கிற பிடியில் கட்டைவிரல் கொக்கு மூக்காக நீட்டிக்கொண்டு நிற்கும். என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

வீடியோக்களில் ‘இப்படிச் செய்யுங்கள்’ என்பதைத் தவிர விளக்கம் கிடையாது. எல்லாமே பார்ப்பவர் பக்கத்திலிருந்து எடுத்தவை. கையின் உட்புறம் ஒருமுறைகூடத் தெரியாது. கேட்டு எழுதினால், ‘அது இரண்டாம் நிலை வகுப்பில் வரும்’ என்று பதில். அதற்குத் தனிக் கட்டணம்.

அக்கா மகன் முன்னால் ஷெல் காசு வித்தையைச் செய்துகாட்டினேன். ஓடு கழன்று தரையில் உருண்டது. அவன் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாமா, இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல” என்றான். வயது ஆறு.

அன்று ராத்திரி அந்த விளம்பரத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். இடது கை திறக்கும் இடம் வரை சரி. வலது கையை விரிப்பதற்குச் சற்று முன், நீல விரிப்பில் விழுந்த கை நிழல் சட்டென்று ஒரு விரற்கடை தள்ளிப் போகிறது. அவ்வளவுதான் விஷயம், வீடியோவை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் காசைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். கையே செய்யாத வித்தையை எனக்குக் கற்றுத் தருவதாக விற்றிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘ரகசியம் ஒருமுறை வெளியானபின் பணம் திருப்பித் தரப்படாது’ என்று விதிகளில் இருக்கிறதாம். உண்மையில் இருந்தது, கடைசிப் பத்தியில். மேஜிக் பொருள் விற்பவர்கள் பலர் இந்த விதியை வைத்திருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் இங்கே எந்த ரகசியம் வெளியானது? பெட்டியோடு வந்த தாளில் இருந்த ‘பரம ரகசியம்’, காசை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவதுபோல் பாவனை செய்வது. ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் 1584-லேயே காசு வித்தைகளை அச்சில் விளக்கிவிட்டார். சூனியம் என்று பழி சுமத்தி ஆட்களைத் தண்டித்த காலம் அது. இதில் பிசாசு ஒன்றும் இல்லை, கைவேலைதான் என்று காட்டுவதற்காக எழுதினார்.

அப்புறம், பல வருடமாக மேஜிக் செய்யும் ஒருவர் சாதாரண காசை வைத்து அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தது இவர்களின் 21 பாடத்தைவிட அதிகம். கிளாசிக் பாமை இப்போதைக்குத் தொடாதே என்றார். நடுவிரல், மோதிர விரல் இரண்டின் அடியில் காசைப் படுக்க வைத்து, விரல்களை லேசாக மடக்கு, அதுதான் ஃபிங்கர் பாம். கை சும்மா தொங்கும்போது விரல்கள் அப்படித்தான் மடங்கியிருக்கும், அதனால் யாருக்கும் உறுத்தாது. பிறகு, பாவனை செய்வதற்கு முன் காசை உண்மையாகவே மாற்றிப் பார்க்கச் சொன்னார். ஐம்பது தடவை. எப்படி வாங்குகிறது இடது கை, கண் எங்கே போகிறது, வலது கை எப்போது தளர்கிறது என்று கவனித்தபின் அதையே காசு இல்லாமல் நடிக்க வேண்டும். கண் காலிக் கையோடு போக வேண்டும். நான் இத்தனை நாளும் காசு ஒளிந்த கையையே திருட்டுப் பூனை மாதிரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பணம் கட்டத்தான் போகிறீர்கள் என்றால், அதே வித்தையை வெட்டில்லாமல், கையின் உட்பக்கமிருந்து எடுத்த ஒரு துண்டு வீடியோ கேளுங்கள். வித்தை முழுவதும் வேண்டாம், பத்து நொடி போதும். கற்றுக்கொடுக்கிற ஆள் அதற்குத் தயங்க மாட்டார். யாரிடமாவது வாங்கிய சாதாரண காசிலும் இது நடக்குமா என்றும் கேளுங்கள். நான் இரண்டையும் கேட்கவில்லை. ‘பயிற்சி தேவையில்லை’ என்ற வரியைப் பார்த்ததும் மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை.

போன வாரம் அதே விளம்பரம் வேறு பெயரில் வந்தது. இப்போது ‘5 நாள்’ என்கிறார்கள். அதே நீல விரிப்பு, அதே கைகள். பதினோராவது நொடியில் நிழலைப் பாருங்கள்.