அக்யூரசியா, பிரிசிஷனா?

தமிழில் இரண்டையுமே ‘துல்லியம்’ என்கிறோம். ஆய்வகத்தில் அது போதாது: அளவு உண்மை மதிப்பை நெருங்குவது அக்யூரசி; திரும்பத் திரும்ப அளந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு வருவது பிரிசிஷன்.

எலக்ட்ரானிக் தராசில் 1000 கிராம் எடைக்கல்லை மூன்று முறை வையுங்கள். 990, 990, 991 என்று காட்டினால் பிரிசிஷன் நன்று, அக்யூரசி இல்லை. 985, 1012, 1003 என்றால் சராசரி சரியாக 1000 வரும், பிரிசிஷன்தான் மோசம்.

முதல் தராசே மேல். பிழை ஒரே பக்கம் சாய்வதால் காலிபரேஷன் (தெரிந்த எடையை வைத்துத் தராசைத் திருத்துவது) செய்தால் சரியாகிவிடும். இரண்டாவதற்கு அது உதவாது: தட்டு உரசுகிறதா, மேசை ஆடுகிறதா, மின்விசிறிக் காற்று படுகிறதா, பேட்டரி தீர்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

திரையில் 990.37 என்று தசமம் நீண்டால் அக்யூரசி கூடிவிட்டதாக நம்பிவிடாதீர்கள். அளவீடுகளுக்கான ஐஎஸ்ஓ 5725 என்ற சர்வதேசத் தரநிலையோ, சராசரி உண்மை மதிப்பை நெருங்குவதை ‘ட்ரூனெஸ்’ என்கிறது; அதுவும் பிரிசிஷனும் சேர்ந்ததே அங்கே அக்யூரசி.