பின்னிஷ் லாப்ஹுண்டா, லாப்போனியன் ஹெர்டரா?

இந்த இரண்டு நாய் இனங்களில், போட்டோவை மட்டும் பார்த்தால் எல்லாரும் பின்னிஷ் லாப்ஹுண்டைத்தான் கேட்பார்கள். கழுத்தைச் சுற்றிப் பிடரி, முதுகுமேல் சுருளும் வால், கரடிக்குட்டி மூஞ்சி. பக்கத்தில் லாப்போனியன் ஹெர்டரை நிறுத்தினால், பெரும்பாலும் கறுப்பு, முடியும் குட்டை, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்றுதான். நார்வே, ஸ்வீடன், பின்லாந்தின் வடகோடியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் சாமி இன மக்கள் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாய்கள். பனிப்பிரதேச மானான காட்டு ரெயின்டீரை வேட்டையாடியது போய் அதையே மந்தையாக வளர்க்கத் தொடங்கியபோது, நாய்க்கும் மேய்க்கிற வேலை வந்துவிட்டது. 1960-களில்தான் நீளமுடி ஒரு இனம், குட்டைமுடி ஒரு இனம் என்று பின்லாந்தில் தனித்தனியாகப் பிரித்தார்கள். உயரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. லாப்ஹுண்ட் ஆண் நாய்க்கு 49 செ.மீ., ஹெர்டருக்கு 51.

வித்தியாசம் வேலையில்தான். மேய்க்கிற பாணி என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்: ஆடு மேய்க்கும் பார்டர் கோலி நாய் மாதிரி பதுங்கி முறைத்து அடக்காது, குரைத்துக் குரைத்தே மந்தையை ஓட்டும். ரெயின்டீரில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, திரும்பி முட்ட வந்தால் சட்டென்று விலகி, அடுத்த நொடியே மறுபடி போய் நிற்க வேண்டும். வீட்டில் வளரும் லாப்ஹுண்ட்கூட ஒரு தட்டு கீழே விழுந்தால் துள்ளி விலகி, உடனே வந்து மோந்து பார்ப்பது இந்தப் பழக்கத்தால்தான். ஆனால் நாள் முழுக்கப் பனியில் ஓட ஹெர்டர்தான் சரி, நீளமுடியில் ஈரப்பனி கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டால் நாய்க்குப் பெரிய தொல்லை. 1960-களில் பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல் வந்து நாய்களின் வேலையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டது, அப்புறம் லாப்ஹுண்ட் பெரும்பாலும் வீட்டு நாயாகவே ஆகிவிட்டது. ஹெர்டர் இன்னும் மந்தையை முழுசாக விடவில்லை.

ஸ்வீடிஷ் லாப்ஹுண்ட் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு, பெரும்பாலும் முழுக் கறுப்பு, இவற்றைவிடக் கொஞ்சம் அரிது.

அடுக்குமாடி, குழந்தைகள், சாயங்காலம் ஒரு நடை என்றால் யோசிக்காமல் லாப்ஹுண்ட். காட்டுப்பக்கம் வீடு, தினமும் மணிக்கணக்கில் ஓடவிட நேரம் இருக்கிறது என்றால் மட்டும் ஹெர்டர். வேலை கொடுக்காவிட்டால் அதுவே ஒரு வேலையைக் கண்டுபிடிக்கும், அது உங்களுக்குப் பிடிக்காது. குரைப்பு பிடிக்காதவர் இரண்டையும் தொடவேண்டாம். எதை எடுத்தாலும் தாய், தந்தை இரண்டுக்கும் கண் பரிசோதனைச் சான்று கேளுங்கள், பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கும் பி.ஆர்.ஏ. என்ற பரம்பரை நோய் இரண்டு இனத்திலுமே உண்டு.