ஒன்பது விரலும் ஒரு கட்டைவிரலும்: ஜெல் பாலிஷோடு 14 மாதம்

போன வாரம் இரண்டு கிலோ சீப்புச் சீடை மாவைக் கொட்டினோம். மாவில் குறை ஒன்றும் இல்லை. தேங்காய்ப்பால் விட்டு, உளுந்து மாவு அளவாகச் சேர்த்து, அத்தை தன் கையால் பிசைந்து கொடுத்த மாவு. வளவில் நாலைந்து பேர் உட்கார்ந்து, அச்சில் பிழிந்த பட்டையைத் துண்டு போட்டு, விரலில் சுற்றி முனையை ஒட்டிக்கொண்டிருந்தோம். பாதியில் கையைப் பார்க்கிறேன். வலது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் நொய்யரிசி அளவுக்கு ஜெல், அதாவது லாம்ப் ஒளியில் இறுகுகிற நகப்பூச்சு, காணோம். தரையில் தேடினேன், இல்லை. முறத்தில் இல்லை, மடியில் இல்லை. அப்படியென்றால் மாவில்தான். கல்யாண வீட்டுக்குப் போகிற பலகாரம். யார் பல்லில் அகப்படுமோ என்ற நினைப்பு வந்த பிறகு பிசைந்தது, பிழிந்தது எதையும் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

அன்றைக்கு ராத்திரியே, தை மாதம் தேவகோட்டையில் கல்யாணம் வைத்திருக்கிற என் சித்தப்பா மகள் வாட்ஸ்அப்பில் கேட்கிறாள்: “அக்கா, உங்க நகம் மட்டும் எப்படி மூணு வாரம் அப்படியே நிக்குது? நானும் ஜெல் போடலாமா?” நல்ல நேரம் பார்த்துக் கேட்டாள். வாய்ஸ் நோட்டில் பதில் சொன்னால் திட்டிவிடுவேன் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் ஐந்து மாதம் காரைக்குடியில் ஒரு பார்லரில் போட்டேன். அதற்கப்புறம் ஒரு எல்இடி லாம்ப் வாங்கி வீட்டில் நானே போடுகிறேன். அடியில் பேஸ் கோட், மேலே கலர் இரண்டு தடவை, கடைசியில் டாப் கோட், ஒவ்வொன்றும் இறுக லாம்புக்குள் கை என்ற கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஜெல் இரண்டு மூன்று வாரம் நிற்கும் என்று சொல்வது பொய்யில்லை. எனக்கே ஒன்பது விரலில் 19, 20 நாள் நிற்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர நான் பட்ட பாட்டை யாரும் டப்பா மேல் அச்சடித்துத் தருவதில்லை.

முதல் தடவை போட்டது நாலாவது நாளே தோல் மாதிரி உரிந்து வந்தது. பார்லரில் கேட்டால், “உங்க நகம் வீக் மேடம்” என்றார்கள். என் நகம் வீக்கா? எத்தனை வருஷமாகத் தேங்காய் உடைத்துத் துருவுகிற கை இது. கோபத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவைதான் கிழமை உறைத்தது. மூன்று தடவையும் வெள்ளிக்கிழமை மத்தியானம் போயிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் என்ன செய்வோம்? தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, அரை மணி நேரம் ஊறி, சீயக்காய் போட்டுக் குளிப்போம். நகத்தின் மேலும் நகக்கண்ணிலும் எண்ணெய் இருக்கும், நகத்துக்குள் தண்ணீரும் ஏறியிருக்கும். நகம் பார்க்கத்தான் கல் மாதிரி, தண்ணீரை நன்றாகக் குடிக்கும். குடித்து உப்பிய நகத்தின் மேல் ஜெல்லைப் போட்டு இறுக்கினால், சாயங்காலம் நகம் காய்ந்து பழைய அளவுக்குச் சுருங்கும்போது ஜெல் கூடவே சுருங்காது. பிடி அங்கேயே விட்டுப்போகிறது. வெந்நீரில் கை ஊறவைக்காமல், காய்ந்த நகத்திலேயே வேலை பார்க்கும் பார்லர்களும் இருக்கின்றன. அது சோம்பேறித்தனம் இல்லை, காரணத்தோடு செய்வது.

புதன்கிழமைக்கு மாற்றினேன். வேறு ஒன்றும் மாற்றவில்லை. நாலு நாள் 12 நாளாகியது. அந்த பார்லர்காரப் பெண்ணிடம் இதைப் போய்ச் சொல்லவேண்டும் என்று இன்று வரை ஆசை இருக்கிறது.

வீட்டில் போட ஆரம்பித்த பிறகு மற்றதையும் கற்றுக்கொண்டேன். நகம் முளைக்கிற இடத்தில், நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய செத்த தோலை முழுக்க எடுக்கவேண்டும். அதன் மேல் போன ஜெல்தான் முதலில் கிளம்பும். எடுக்கிறேன் என்று உயிருள்ள தோலை வெட்டிவிடக் கூடாது, அது கிருமி உள்ளே போகாமல் காக்கிற கதவு. மெதுவாகப் பின்னால் தள்ளினால் போதும். பஃபர் என்கிற மெல்லிய அரத்தால் பளபளப்பு போகும் அளவுக்கு லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, அதன் பிறகு அந்த நகத்தை விரலால் தொடக்கூடாது. கலரும் டாப் கோட்டும் போடும்போது பிரஷ்ஷை நகத்தின் நுனிமேல் ஒரு இழுப்பு இழுத்து விளிம்பை மூடவேண்டும். விளிம்பு திறந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. தோலில் வழிந்தால் லாம்புக்குள் வைப்பதற்கு முன்னாலேயே குச்சியால் துடைத்துவிடவேண்டும். தோலோடு சேர்ந்து இறுகிய ஜெல், அடுத்த நாள் தோல் அசையும்போது நகத்தையும் விட்டுக் கிளம்பும்.

பாத்திரம் கழுவக் கையுறை. இதில் நான் நல்லவள் இல்லை. சித்திரை வெயிலில் காரைக்குடியில் ரப்பர் கையுறை போட்டுப் பாத்திரம் கழுவுவதை ஒரு தண்டனையாகவே சட்டத்தில் சேர்க்கலாம். உள்ளே பருத்தி உறை ஒன்று போட்டுக்கொண்டால் வியர்வை கொஞ்சம் தாங்குகிறது. நகத்தைக் குட்டையாக வைத்ததும் பெரிய உதவி. விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். மூன்று வாரத்தில் அடியில் 2 மில்லிமீட்டர் வெறும் நகம் தெரியும், ஜெல்லின் கனம் முழுக்க முன்னால் நகர்ந்துவிடும். நீளமாக வேறு வளர்த்திருந்தால் பீரோ கைப்பிடியில் மாட்டினாலே மளுக்கென்று போகும்.

அப்புறம் எண்ணெய். போடுவதற்கு முன்னால் எதிரி, போட்ட பிறகு அதுதான் காவல். தினமும் படுக்கப் போகும்போது நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் நுனிக்கு அடியிலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்க்கிறேன். ஜொஜோபா எண்ணெய் நல்லது என்பார்கள், வாங்கியும் பார்த்தேன். என் கைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விளக்கெண்ணெய் பிசுபிசுவென்று தலையணை உறையில் ஒட்டுகிறது. காய்ந்த நகம் மொறுமொறுப்பாகி நுனியில் பிளக்கும், அந்தப் பிளவோடு ஜெல்லும் போகும். எண்ணெய் தேய்த்த நகம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நான் நகத்துக்கு எண்ணெய் போடுவதைப் பார்த்துவிட்டு அத்தை, “பட்டாலையில இருக்குற ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதே வைத்தியந்தான்” என்றார். எங்கள் வீட்டில் அந்தத் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால்தான் துடைப்போம்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று. லேசான ரோஸ் கலர் போட்டிருந்தபோது மீனுக்கு மஞ்சள் தடவி, பத்து விரலும் மஞ்சள்காமாலை கண்ட மாதிரி ஆகிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சை தேய்த்தேன், அசையவில்லை. மஞ்சளின் நிறச்சத்து தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். சானிடைசர் தொட்ட பஞ்சால் துடைத்தேன், பாதி போனது. மீதிக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து வத்தல் பிழிந்து காயப்போட்டுவிட்டு எழுந்தால், நகம் பழைய ரோஸ். வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும், சேலையில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் போவது போலத்தான். ஜெல் கலரோ அசையவில்லை. அன்றைக்கு ஜெல்லுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

சரி, கட்டைவிரலுக்கு வருகிறேன்.

இத்தனையும் செய்து எட்டு விரல் 20 நாள் நிற்கும்போது, கட்டைவிரல் இரண்டும் முன்னாலேயே கிளம்பிவிடும். அதிலும் வலது கட்டைவிரல் ஐந்தாம் நாள், ஆறாம் நாளே போய்விடும். அதுவும் எப்போதும் ஒரே ஓரம். பேஸ் கோட் மாற்றினேன். ஜெல் பிடிப்பதற்காக முதலில் பூசுகிற பிரைமர் வாங்கினேன். அந்த விரலுக்கு மட்டும் மூன்று கோட் போட்டேன், இன்னும் சீக்கிரம் போனது. கனமாகப் போட்டால் ஒளி அடி வரைக்கும் இறங்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. மாதக்கணக்காக அந்த ஒரு விரலோடு மல்லுக்கட்டினேன். ஒரு நாள் கரண்ட் போய், ஜன்னல் வெளிச்சத்தில் லாம்புக்குள் சும்மா கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு விரலும் மேலே பார்க்கின்றன. கட்டைவிரல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறது! கையை உள்ளே நீட்டினால் கட்டைவிரல் இயல்பாகவே சாயும். மேலிருந்து வரும் ஒளி நகத்தின் ஒரு பக்கம் படும், மறுபக்கம் பாதி வெந்த இட்லி மாதிரிதான். மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே மாவு.

நாலு விரலை முதலில், கட்டைவிரல் இரண்டையும் தனியாக மட்டமாக வைத்து இன்னொரு முறை. இவ்வளவுதான் விஷயம். வலது கட்டைவிரலில் ஆறு நாள் 12 நாளாகிவிட்டது. இடது கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து 20 நாளைத் தொட்டது. பார்லரில் எனக்கு ஐந்து மாதம் ஐந்து விரலையும் ஒன்றாகத்தான் உள்ளே வைக்கச் சொன்னார்கள். நகம் வீக்காம்.

இதை அழகு விஷயமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதே. பாதி இறுகிய ஜெல்லில்தான் ஒவ்வாமை வருகிறது. ஜெல்லில் இருக்கிற ஹெமா (HEMA) என்ற மெத்தக்ரிலேட் வகை வேதிப்பொருள் அதற்கு முக்கியமான ஒரு காரணம். இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒரு நாள் நகத்தைச் சுற்றி அரிப்பு, கொப்புளம் என்று ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் ஆயுசுக்கும் உண்டு, பல் அடைக்கிற பொருளில் கூட இதே குடும்பம் இருப்பதால் பிறகு பல் டாக்டரிடமும் சொல்லவேண்டி வரும். அதனால் அரித்தால் உடனே நிறுத்து. எந்த லாம்பில் எந்த ஜெல் என்பதும் முக்கியம். ஒளி பட்டதும் ஜெல்லை இறுகவைக்கிற ஒளித்தூண்டிகள் 365, 405 நானோமீட்டர் என்று குறிப்பிட்ட அலைநீளத்துக்குத்தான் வேலை செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் டிபிஓ (TPO) என்ற ஒளித்தூண்டியை நகப்பூச்சில் சேர்க்கத் தடை. பாட்டிலைத் திருப்பி அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. லாம்புக்குள் கை வைப்பதற்கு முன்னால் புறங்கையில் சன்ஸ்கிரீன், நகத்தில் படாமல்.

கழற்றுவதிலும் பொறுமை வேண்டும். டாப் கோட்டைத் தேய்த்துவிட்டு, அசிட்டோன் நனைத்த பஞ்சு, மேலே ஃபாயில், பத்துப் பதினைந்து நிமிஷம். அடுப்படிப் பக்கம் வேண்டாம், அசிட்டோன் குப்பென்று தீப்பிடிக்கும். ஒரு தடவை சீரியல் பார்த்துக்கொண்டே ஓரம் கிளம்பிய ஜெல்லைக் கையால் உரித்தேன். அவ்வளவு சுகம். நகத்தின் மேல் அடுக்கும் கூடவே வந்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் செதிலாக நின்றது. அது முழுக்க வளர்ந்து வெளியேற ஆறு மாதம் ஆகும்.

தனியாக வைத்தும் வலது கட்டைவிரல் மட்டும் ஏன் 12 நாள், 20 இல்லை? காரணம் தெரியும். சின்ன வெங்காயம். எங்கள் வீட்டுக் குழம்புக்குப் படி படியாக உரிக்கவேண்டும். கத்தியால் முனையைக் கிள்ளிவிட்டு, வலது கட்டைவிரல் நகத்தைத் தோலுக்கு அடியில் கொடுத்து இழுப்பேன். டப்பா மூடி திறப்பதும் அதே நகம், பூண்டும் அதே நகம். சீப்புச் சீடைக்கு முதல் நாள் உரித்தது இரண்டு கிலோ. நகத்தைக் கருவியாகப் பயன்படுத்தாதே என்பதுதான் நகப் பராமரிப்பில் முதல் பாடம், எனக்கே தெரியும். ஜெல் மேல் தப்பில்லை. ஒன்பது விரல் கணக்கைப் பார்த்தால் பத்துக்கு எட்டரை மார்க் கொடுக்கலாம். மருதாணி மாதிரி நகத்துக்குள் ஊறிக் கூடவே வளர்வது இல்லை, மேலே ஒட்டிக்கொண்டிருப்பது, அதற்கு 20 நாள் என்பது நல்ல உழைப்பு.

இருந்தாலும் அந்த மாவை நினைத்தால் மனசு ஆறவில்லை. பலகாரம் சுடுகிற கையில் நகப்பூச்சு இருக்கக் கூடாது என்று அப்பத்தா சொன்னபோது பழைய காலத்துப் பேச்சு என்று சிரித்தவள் நான். போன ஞாயிற்றுக்கிழமை பத்து விரலையும் கழற்றிவிட்டேன். எனக்கு இனி வேண்டாம்.

நீ கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போடு, எண்ணெய் தேய்த்த அன்றைக்கு வேண்டாம். லாம்ப் என் அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். கட்டைவிரலைத் தனியாக வை.